வடசென்னை இணையதளங்களும் இலவசத் தேடுபொறிக் கருவிகளும்: ஒரு வரலாறு

ஓர் இணையதளம் தேடல் முடிவுகளில் இடம்பெறவும், எந்தச் சொல்லைத் தேடி மக்கள் அத்தளத்திற்கு வருகிறார்கள் என்பதை அதன் உரிமையாளர் அறியவும் தேடுபொறி நிறுவனங்கள் கட்டணமின்றி வழங்கும் வசதிகளே இலவசத் தேடுபொறிக் கருவிகள் எனப்படுகின்றன. தளத்தைப் பதிவு செய்யும் படிவம், தளவரைபடம், தேடல் அறிக்கை, வரைபடத்தில் கடையைக் குறிக்கும் வசதி ஆகியவை இவற்றுள் அடங்கும். இவற்றின் கதை வழக்கமாகக் கலிபோர்னியாவிலிருந்தே சொல்லப்படுகிறது. இக்கட்டுரை அதை ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் சென்னையின் வடகரையிலிருந்து பார்க்கிறது. தமிழ் எழுத்து, ஊர்ப்பெயர், கதவு எண், பண வசதி என இக்கருவிகள் தடுமாறும் இடங்கள் அனைத்தையும் இந்தக் கரையில் ஒருசேரக் காணலாம்.

தேடினால் கிடைக்கும் வடசென்னை

1856 ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்துதான் ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது, இன்றும் இயங்குகிறது. தமிழ்நாட்டின் ஒரே பார்சி தீக்கோயில் ராயபுரத்தில் 1910 இல் கட்டப்பட்டது. ராயபுரம் என்ற பெயரே ராயப்பரால் வந்தது. தமிழ்க் கத்தோலிக்கர் புனித பேதுருவுக்கு வழங்கும் பெயர் அது. திருவொற்றியூர் தியாகராசர் கோயில் தேவாரம் பாடிய மூவராலும் பாடப்பட்ட தலம். வள்ளலார் நாள்தோறும் நடந்து சென்று வழிபட்ட கோயில். பட்டினத்தார் அடங்கிய ஊர். எம்.ஆர்.எஃப் நிறுவனம் 1946 இல் பலூன் செய்யும் சிறு தொழிலாகத் தொடங்கியதும், ராயல் என்ஃபீல்டு 1950களில் இந்தியாவில் மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியதும் திருவொற்றியூரில்தான். அசோக் லேலண்டின் தாய்ப் பட்டறை எண்ணூரில் உள்ளது.

இத்தனையும் இருந்தும், 'வடசென்னை' என்று தேடல் பெட்டியில் இட்டால் முன்னே வந்து நிற்பது 2018 அக்டோபரில் வெளியான அதே பெயருள்ள திரைப்படமும் அதன் பாடல்களும்தான். 'எண்ணூர்' என்று இட்டால் 2017 ஜனவரி 28 அன்று துறைமுகத்திற்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்த செய்தி, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவிய செய்தி, அதே மாதம் 26 ஆம் நாள் இரவு அம்மோனியா கசிந்த செய்தி ஆகியவை வருகின்றன. அவை நடந்தவை; மறைக்க வேண்டியவையும் அல்ல. ஆனால் ஓர் ஊரைப் பற்றித் திரைப்பட நிறுவனமும் செய்தி நிறுவனமும் மட்டுமே எழுதினால், தேடுபொறியும் அவர்கள் எழுதியதை மட்டுமே எடுத்துக் காட்டும். ஊரார் எழுதிய பக்கங்கள் இல்லை என்பதும், இருப்பவை கண்ணில் படுவதில்லை என்பதும் இரு வேறு சிக்கல்கள். இரண்டாவதற்கு உதவவே இக்கருவிகள் தோன்றின.

பதிவேடுகளின் காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவையை வி.எஸ்.என்.எல் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் இணைப்புப் பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. அக்காலத்தில் ஒரு தளத்தைக் கண்டுபிடிக்க இரு வழிகள் இருந்தன. ஒன்று, மனிதர்கள் தொகுத்த பதிவேடு. ஸ்டான்ஃபோர்டு மாணவர்களான ஜெர்ரி யாங், டேவிட் ஃபிலோ இருவரும் 1994 இல் தொடங்கிய யாகூ அவ்வகையைச் சேர்ந்தது. மற்றொன்று, பக்கங்களைத் தானே படித்துச் சேர்க்கும் தேடுபொறி. 1995 டிசம்பரில் வந்த ஆல்டாவிஸ்டா அவ்வகை. அதன் பக்கத்தில் முகவரியைச் சேர்க்க ஒரு சிறு படிவம் இருந்தது. அந்தப் படிவத்தையே இலவசக் கருவிகளின் மூதாதை எனலாம்.

தொலைபேசிப் புத்தகத்தைப் பயன்படுத்திய தலைமுறைக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. இணைப்பு வாங்கியவரின் பெயர் புத்தகத்தில் ஒரு வரியாகச் சும்மாவே அச்சாகும். மஞ்சள் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். யாகூவும் அந்த வழியில்தான் சென்றது. வணிகத் தளங்களைப் பதிவேட்டில் சேர்க்க ஆண்டுக்கு 299 டாலர் கேட்டது. அன்றைய விலையில் அது திருவொற்றியூர் லேத் பட்டறை ஒன்றுக்கு நினைத்தும் பார்க்க முடியாத தொகை. இதற்கு மாற்றாக 1998 இல் வந்தது டிமாஸ் என்ற திறந்த பதிவேடு. தன்னார்வலர்களே அதைத் தொகுத்தார்கள், கட்டணம் கிடையாது. ஆனால் தொகுப்பவர் கண்ணில் படும்வரை காத்திருக்க வேண்டும். யாகூ பதிவேடு 2014 இறுதியிலும் டிமாஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன.

1998 இல் வந்த கூகுள் இந்த ஏற்பாட்டையே கவிழ்த்தது. ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள், எத்தகைய பக்கங்கள் சுட்டுகின்றன என்பதைக் கொண்டு அது வரிசையைத் தீர்மானித்தது. அதற்கு முன்பு, பக்கத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குத் தெரியாமல் நூறு குறிச்சொற்களைத் திணித்தால் போதும் என்ற நிலை இருந்தது. அந்தக் குறிச்சொல் பட்டியலை வரிசைப்படுத்தலுக்குத் தாம் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009 செப்டம்பரில் வெளிப்படையாகவே சொல்லிவிட்டது. அதன் பிறகும் 'குறிச்சொல் சேர்த்துத் தருகிறோம்' என்று பணம் வாங்கியவர்கள் பலர் என்பது வேறு கதை.

எழுத்துரு என்னும் சுவர்

தமிழ்த் தளங்களுக்கு இக்கருவிகள் எதுவும் பல ஆண்டுகள் பயன்படவே இல்லை. காரணம் எழுத்துரு. 1990களில் ஒவ்வொரு தமிழ் இதழும் தனக்கென ஓர் எழுத்துருவை வைத்திருந்தது. வாசகர் அதை இறக்கி நிறுவினால்தான் தமிழ் தெரியும். இல்லையேல் ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை தெரியும். தேடுபொறிக்குத் தெரிந்தது எப்போதும் அந்தக் குப்பைதான். 'ராயபுரம்' என்று ஒரு தளம் எழுதியிருந்தாலும், கணினியின் கணக்கில் அது ராயபுரம் அல்ல. சில இலத்தீன் எழுத்துகளின் கோவை. வேறோர் எழுத்துருவில் அதே சொல் வேறொரு கோவை.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாடு விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் தரங்களைப் பரிந்துரைத்தது. டாம், டாப் என்ற குறியீடுகள் அதன் விளைவு. உலகத் தமிழர் சிலர் இணைந்து உருவாக்கிய டிஸ்கியும் புழக்கத்தில் இருந்தது. தரங்கள் பலவாக இருந்ததால் தேடல் எளிதாகவில்லை. ஒருங்குறியில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டது; ஆனால் வீட்டுக் கணினிகள் அதைச் சரியாகக் காட்டப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயின. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை அதிகாரபூர்வத் தரமாக ஏற்றது 2010 ஜூனில், கோவைச் செம்மொழி மாநாட்டின்போது. 1998 இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் பழைய மின்னூல்கள் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. ஆனால் அதற்கு முன் தனி எழுத்துருவில் எழுதப்பட்ட செய்திகளில் பெரும்பகுதி மாற்றப்படாமலே அழிந்தது. வடசென்னையின் தொழிற்சங்கச் செய்திகளும் கோயில் விழாச் செய்திகளும் அவற்றுள் எத்தனை இருந்தன என்று இனி எந்தத் தேடுபொறியும் சொல்லாது.

2003 இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முதலிலேயே ஒருங்குறியைக் கைக்கொண்டது. இன்று அதில் ஒன்றரை லட்சத்திற்கும் அதிகமான கட்டுரைகள் உள்ளன. தமிழ் ஊர்ப்பெயர்களைத் தேடும்போது அது முன்னே வருவதற்கு இந்த முந்துதலும் ஒரு காரணம். தம் தளத்தின் இணைப்பை அங்கே செருகினால் தமக்கும் மதிப்பு ஏறும் என்று நம்புவோர் உண்டு. அங்குள்ள வெளி இணைப்புகள் 'பின்தொடர வேண்டாம்' என்ற குறியோடுதான் வெளியாகின்றன. எனவே அந்த உழைப்பு வீண்.

ஓர் ஊர், பல எழுத்துகள்

எழுத்துருச் சிக்கல் தீர்ந்த இடத்தில் எழுத்துக்கூட்டல் சிக்கல் தொடங்கியது. திருவொற்றியூரை ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் 'டி' மட்டும் போதுமா, 'எச்' சேர்க்க வேண்டுமா, நடுவில் இரட்டை 'டி' யா, 'டிஆர்' ஆ என்பதில் ரயில்வேக்கும் மாநகராட்சிக்குமே ஒற்றுமை இல்லை. தமிழிலும் 'திருவெற்றியூர்' என்று பிழையாகத் தட்டுவோர் பலர். ராயபுரம், இராயபுரம் என்று இரு வழக்குகள். மக்கள் 'காசிமேடு' என்று அழைப்பதை அரசு ஆவணங்கள் 'சென்னை மீன்பிடித் துறைமுகம்' என்கின்றன. எண்ணூர்த் துறைமுகம் 2014 இல் காமராஜர் துறைமுகம் ஆயிற்று. தேடுபவர் கை இன்னும் பழைய பெயரைத்தான் தட்டுகிறது.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டது. தண்டையார்பேட்டையும் அந்தப் பட்டியலில் இருந்தது. விமர்சனங்கள் எழுந்ததால் சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெயர்ப்பலகை, முத்திரை, கடிதத்தாள் என்று அன்று பேசப்பட்ட செலவுகளோடு இன்னொன்றும் உண்டு: அத்தனை ஊர்ப்பெயர்களும் புதிய எழுத்துக்கூட்டலில் தேடுபொறிக்கு மீண்டும் அறிமுகமாக வேண்டியிருந்திருக்கும்.

இவற்றையெல்லாம் ஒரே ஊர் என்று தேடுபொறி இன்று ஓரளவு புரிந்துகொள்கிறது. ஆனால் அந்தப் புரிதல் ஆங்கிலத்தில் வலுவாகவும் தமிழில் தளர்வாகவும் உள்ளது. 'ராயபுரம்' என்பது வாக்கியத்தில் வரும்போது ராயபுரத்தில், ராயபுரத்திலிருந்து, ராயபுரத்துக்காரர் என்று உருமாறும். எனவே தமிழ்த் தளம் நடத்துவோர் தலைப்பிலாவது ஊர்ப்பெயரை வேற்றுமை உருபு ஏற்காத வடிவில் எழுதுவது நல்லது. வேறு வழக்குகள் இருந்தால் கட்டுரையின் முதல் பத்தியிலேயே இயல்பாகக் குறிப்பிடலாம். அடியில் பட்டியலாகக் கொட்டினால் தேடுபொறி அதை ஏமாற்று வேலையாகக் கருதக்கூடும்.

தளவரைபடமும் தேடல் அறிக்கையும்

2005 ஜூனில் கூகுள் தளவரைபட வசதியைக் கொண்டுவந்தது. தளத்தில் என்னென்ன பக்கங்கள் உள்ளன, எவை எப்போது மாற்றப்பட்டன என்று ஒரு கோப்பில் எழுதி வைத்தால் தேடுபொறி அதைப் படித்துக்கொள்ளும். 2006 நவம்பரில் யாகூவும் மைக்ரோசாஃப்ட்டும் அதே வடிவத்தை ஏற்றன. போட்டியாளர்கள் மூவரும் ஒரே வடிவத்துக்கு ஒப்புக்கொண்டது சிறு தளங்களுக்குப் பெரிய வசதி. பிறர் இணைப்புத் தராத தளத்தையும் தேடுபொறி கண்டறிய இதனால் வழி பிறந்தது. 2006 இல் 'வெப்மாஸ்டர் டூல்ஸ்' என்று பெயர் பெற்ற அந்தச் சேவை 2015 மே மாதம் 'சர்ச் கன்சோல்' ஆனது. பிங் தேடுபொறிக்கும் இதுபோன்ற ஒன்று உண்டு.

பலரும் இதைத் தளத்தைச் சேர்க்கும் கருவி என்று மட்டுமே நினைக்கிறார்கள். அதன் உண்மையான பயன் அறிக்கையில் உள்ளது. எந்தச் சொல்லுக்கு நம் பக்கம் எத்தனை முறை முடிவுகளில் தோன்றியது, அவர்களில் எத்தனை பேர் கிளிக் செய்தார்கள், சராசரியாக எத்தனையாவது இடம் என்ற விவரங்களை அது தருகிறது. முன்பு 90 நாள் விவரம் மட்டுமே கிடைத்தது. 2018 முதல் 16 மாதங்களுக்குக் கிடைக்கிறது. சென்ற ஆண்டு மாசிமகத்தின்போது வந்த தேடலை இந்த ஆண்டோடு ஒப்பிட இது உதவும்.

காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் பழுது பார்க்கும் பட்டறை ஒன்று தளம் வைத்திருப்பதாகக் கொள்வோம். தளம் செய்து கொடுத்தவர் முகப்பில் 'மரைன் சொல்யூஷன்ஸ்' என்று எழுதியிருப்பார். படகுக்காரர் தேடுவதோ 'போட் இன்ஜின் ரிப்பேர் காசிமேடு' என்று. அறிக்கையைத் திறந்து பார்த்தால், பட்டறையின் பெயரைத் தேடியவர்கள் மட்டுமே தளத்திற்கு வந்திருப்பது தெரியும். ஏற்கெனவே தெரிந்தவர்தான் வருகிறார், புதியவர் வரவில்லை. முகப்பில் அந்த எளிய சொற்களை எழுதி, எந்தெந்த நிறுவனத்தின் இன்ஜினைப் பழுது பார்ப்பார்கள், எந்த நேரத்தில் திறந்திருக்கும் என்பதைச் சேர்த்தால் சில வாரங்களில் அறிக்கையே மாற்றத்தைக் காட்டும். இதற்குக் காசு வேண்டாம். 2006 இல் வந்த கூகுள் ட்ரெண்ட்ஸும் இதற்கு ஓரளவு உதவும். ஆனால் தேடல் குறைவான ஊர்ப்பெயர்களுக்கு அது பெரும்பாலும் வெறுமையே காட்டும்.

ஒன்றை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். வடசென்னைப் பட்டறைகளுக்கு வேலை வருவது இன்றும் வாய்மொழியால்தான். லாரி நிறுத்தத்தில் ஒரு டிரைவர் இன்னொருவருக்குச் சொல்லும் பெயரை எந்தத் தேடுபொறியும் முந்திவிடவில்லை. தளத்தால் அதிகம் பயனடையக்கூடியவர்கள் வெளியூராரையும் வெளிநாட்டாரையும் எதிர்பார்க்கும் கோயில், வரலாற்று, ஏற்றுமதித் தளங்களே. அவையும் 'வடசென்னை' என்ற பெருஞ்சொல்லுக்குத் திரைப்படத்தோடு மல்லுக்கட்டுவதைவிட, 'ராயபுரம் தீக்கோயில்', 'பட்டினத்தார் சமாதி' போன்ற குறுகிய சொற்களுக்கு நல்ல பக்கம் எழுதுவதே பலன் தரும்.

வரைபடமும் கதவு எண்ணும்

கூகுள் வரைபடம் 2005 இல் வந்தது. இந்தியத் தெருக்களைப் பயனரே வரைந்து சேர்க்கும் 'மேப் மேக்கர்' 2008 இல் வந்தது. 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இடையே 2013 இல் நடந்த வரைபடப் போட்டியில் பாதுகாப்புக்குரிய இடங்களும் குறிக்கப்பட்டதாக இந்திய நில அளவைத் துறை புகார் செய்ததால் விவகாரம் சி.பி.ஐ வரை சென்றது.

கடைகளை வரைபடத்தில் இலவசமாகப் பதியும் வசதி 2014 இல் 'கூகுள் மை பிசினஸ்' என்றும், 2021 இல் 'பிசினஸ் புரொஃபைல்' என்றும் பெயர் மாறியது. நெடுங்காலம் இதற்கான சரிபார்ப்பு அஞ்சலட்டை வழியே நடந்தது. கொடுத்த முகவரிக்கு எண் அச்சிட்ட அட்டை வரும். அதை உள்ளிட்டால்தான் கடை உரிமையாளருடையது ஆகும். சென்னையில் பழைய எண், புதிய எண் என்று ஒவ்வொரு கதவிலும் இரண்டு எண்கள் இருப்பதை நகரவாசி அறிவார். திருவொற்றியூர், கத்திவாக்கம் நகராட்சிகள் 2011 இல் மாநகராட்சியோடு இணைந்தபோது வார்டு எண்களும் மாறின. சந்துக்குள் சந்தாகப் போகும் மீனவர் குடியிருப்பில் அட்டை வந்து சேர்வது தபால்காரரின் ஊரறிவைப் பொறுத்தது. தொலைபேசி, காணொளி வழிச் சரிபார்ப்புகள் வந்தபின் இந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

எண்ணூர்க் கழிமுகமும் ஒரு தலைப்பும்

பணமில்லாமல் தேடலில் இடம்பிடித்ததற்கு இந்தக் கரையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உள்ளது. 2017 ஜனவரியில் யூடியூபில் வெளியான 'சென்னை புறம்போக்குப் பாடல்' எண்ணூர்க் கழிமுகத்தில் சாம்பல் கலந்த நீருக்கும் அனல்மின் நிலையத்துக்கும் இடையே படமாக்கப்பட்டது. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. காணொளியின் தலைப்பில் நகரத்தின் பெயர், புறம்போக்கு என்ற சொல், பாடகரின் பெயர் மூன்றும் இருந்தன. கர்நாடக இசை கேட்பவர் பாடகரைத் தேடி வந்தார். வந்த இடத்தில் கழிமுகத்தைக் கண்டார். வசைச்சொல்லாக மட்டும் வழங்கிய புறம்போக்கு என்ற சொல்லைத் தேடினாலும் இந்தப் பாடல் முன்வந்தது. யூடியூப் 2006 முதல் கூகுளுடையது. தேடுபொறியின் முடிவுகளில் அதன் காணொளிகள் தனியிடம் பெறுவது இதற்கு உதவியது.

சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் பல ஆண்டுகளின் செயற்கைக்கோள் படங்களை இலவச வரைபடச் செயலியில் எடுத்து அடுத்தடுத்து வைத்து, கழிமுகம் சுருங்கியதை எல்லோரும் பார்க்கும்படி செய்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் பெறப்பட்ட 1996 ஆம் ஆண்டின் கடற்கரை மேலாண்மை வரைபடம் அதற்குத் துணை நின்றது. 'எண்ணூர்' என்ற சொல்லுக்குக் கிடைக்கும் முடிவுகளில் விபத்துச் செய்திகளோடு கழிமுகம், கொசஸ்தலை ஆறு, மீனவர் வாழ்வு ஆகியவையும் இடம்பெறுவதில் இத்தகைய பக்கங்களுக்குப் பங்கு உண்டு.

இலவசத்தின் ஆயுள்

இலவசக் கருவிகளுக்கு ஒரு குணம் உண்டு: கொடுத்தவர் நினைத்தால் எடுத்துக்கொள்வார். இலவசத் தளங்களைத் தாங்கிய ஜியோசிட்டீஸை யாகூ 2009 அக்டோபரில் மூடியது. அதில் இருந்த தமிழ்ப் பக்கங்களும் போயின. கூகுள் மை பிசினஸில் சில நிமிடங்களில் ஒரு பக்கத் தளம் செய்துகொள்ளும் வசதி 2017 இல் வந்தது. தனித் தளம் வைக்க முடியாத சிறு கடைகளுக்கு அதுவே தளமாக இருந்தது. 2024 மார்ச்சில் அந்தத் தளங்கள் அனைத்தும் நிறுத்தப்பட்டன. சில மாதங்கள் மட்டும் பழைய முகவரி கடையின் வரைபடப் பதிவுக்குத் திருப்பி விடப்பட்டது. ஜூன் மாதத்தோடு அதுவும் நின்றது. அந்த முகவரியைப் பில் புத்தகத்திலும் கடைப் பலகையிலும் அச்சிட்டவர்கள் அதன்மேல் தாள் ஒட்ட வேண்டியதாயிற்று. சொந்தப் பெயரில் முகவரி வாங்கி, ஆண்டுதோறும் சில நூறு ரூபாய் கட்டிவந்த தளங்களுக்கு இந்தச் சிக்கல் எழவில்லை. அவற்றின் தளவரைபடக் கோப்பு 2005 இன் வடிவத்திலேயே இன்றும் படிக்கப்படுகிறது.